காய்ந்த மணலிடம் ஏமாறும் ரிலே

கடலூரில் கடற்காற்று சும்மா வருவதில்லை, உப்போடு வருகிறது. மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர்களில் படியும் அந்த உப்பு, காய்ந்திருக்கும்வரை தொல்லை தராது. பனி இறங்கும் விடிகாலையில் ஈரமானால் மின்சாரத்துக்கு வழிவிட்டுவிடும். பீங்கான்மேல் பொறி தாவும். வீட்டில் மின்விசிறி நின்று, சில நொடிகளில் மறுபடி சுழலும். நாம் மின்வாரியத்தைத் திட்டுகிறோம். அங்கே ஒரு சிறு கணினி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும்.

அதன் பெயர் நியூமெரிக்கல் ரிலே. லைனில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, பழுது தெரிந்தால் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் கருவி. துணை மின் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் 11,000 வோல்ட் லைனான ஃபீடரில் ஓடும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை, கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் 1 அல்லது 5 ஆம்பியர் அளவுக்குச் சுருக்கி இதற்குக் கொடுக்கிறது. மின்னோட்டத்தின் ஒரு சுற்று 20 மில்லி நொடி. அதற்குள் ரிலே பலமுறை அளந்து கணக்குப் போட்டுவிடும்.

அந்தக் கணக்கில்தான் சுவை இருக்கிறது. ரிலேயில் குறித்துவைத்த வரம்பைப்போல் இரு மடங்கு மின்னோட்டம் ஓடினால், பரவலாக உள்ள ஓர் அமைப்பில், சுமார் 1 நொடி பொறுக்கும். பத்து மடங்கு என்றால் 0.3 நொடிதான். பொறுப்பானேன்? தெரு மின்மாற்றியின் ஃபியூஸ் முந்திக்கொண்டு எரிந்தால் அந்தத் தெருவோடு போகும், ஊரே இருளில் மூழ்க வேண்டியதில்லை. பழைய ரிலேக்களில் இந்தத் தாமதத்தைச் சுழலும் ஓர் உலோகத் தட்டு தந்தது. இப்போது சூத்திரம் தருகிறது. லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரைத் திறக்கும் ஆணை துணை மின் நிலையத்துப் பாட்டரியின் பலத்தில் போகிறது. லைனில் மின்சாரம் இல்லாவிட்டாலும் தடையில்லை. பொறி அணைந்தால் காற்று மீண்டும் மின்காப்பாகிவிடும் என்பதால், ரீக்ளோசர் என்ற தானியங்கி சுவிட்ச் உள்ள லைன்களில் அது சற்றுப் பொறுத்துத் தானாகவே இணைத்துப் பார்க்கும். பழுது நீடித்தால் சில முயற்சிகளோடு நிறுத்திக்கொள்ளும்.

கம்பி அறுந்து விழுந்தால்? 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த ஊருக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. மூன்று கம்பிகளின் மின்னோட்டத்தையும் திசையோடு கூட்டினால் விடை ஏறத்தாழ சுழியம் வர வேண்டும். மண்ணுக்குள் ஒழுகினால் மீதி நிற்கும்; ரிலேக்கு அதுதான் துப்பு. அலை நனைத்த மணலில் விழுந்த கம்பி நிறைய ஒழுகவிட்டு உடனே மாட்டிக்கொள்ளும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சற்று மேலேறிக் காய்ந்த மணலில் விழுந்தால் ஒழுகுவது மிகச் சொற்பம், சில ஆம்பியர்கூட இராது. அன்றாட ஏற்றத்தாழ்வில் அது கரைந்துவிடும்; பிரேக்கர் அசையாது, கம்பியில் உயிர் இருக்கும். மூன்று கம்பிகளின் சமநிலைக் குலைவை ஒப்பிடும் புதிய கணக்கு முறைகள் சிலவற்றைப் பிடிக்கின்றன. ஆனால் லைனின் கடைக்கோடியில், நாலைந்து வீடுகளுக்குப் போகும் கம்பி அறுந்தால் அவையும் தடுமாறுகின்றன.

ஆகவே பொறி அடங்கிவிட்டது என்று நம்பிக் கிட்டே போகாதீர்கள். அது ரீக்ளோசர் மறுபடி இணைப்பதற்கு முந்தைய சில நொடிகளாகவும் இருக்கலாம்.