குளிர்காலத்தில் பழைய சர்ச்சுகளைப் படமெடுக்கப் போகிறீர்களா? கூரை வடிகாலையும் ஒரு படம் எடுங்கள்

இங்கிலாந்தின் கிராமத்துச் சர்ச்சுகளைப் படமெடுக்க எந்த மாதம் நல்லது என்று கேட்டால் நான் டிசம்பர், ஜனவரி என்றுதான் சொல்வேன். மரங்கள் மொட்டையாக நிற்பதால் கோபுரம் முழுதாகத் தெரியும். பழைய சர்ச்சுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கட்டப்பட்டவை. லண்டன் பக்கம் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் 15 பாகை உயரம்தான் ஏறும் என்பதால், தெற்குச் சன்னல் வழியாக வரும் வெயில் எதிர்ச்சுவர் வரைக்கும் போய் விழும், கல்லில் உளி பட்ட தடம்கூடத் துலங்கும். ஆனால் பகல் 8 மணி நேரம்கூட இல்லை, நிறைய ஊர்களைத் திட்டத்தில் திணிக்காதீர்கள்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். நான் இந்த மாதங்களைச் சொல்வதற்கு வெளிச்சத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: கட்டடத்தின் நோய் அப்போதுதான் வெளியே தெரியும். கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கிக் குழாயில் இறக்கும் வடிகாலை இலையுதிர்காலச் சருகு அடைத்துவிடும். வழிகிற தண்ணீர் சுவருக்குள் இறங்கும், உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். பழைய சுண்ணாம்புக் கலவை என்றால் ஈரம் அதன் வழியாகவே வெளியேறிவிடும். யாரோ நல்லெண்ணத்தில் சிமென்ட் வைத்துப் பூசிய இடத்தில் அதற்கு வழியில்லை, அதனால் கல்தான் அடிவாங்கும். உள்ளே ஓக் உத்திரத்தின் முனை நனைந்து பூஞ்சை பிடித்தால் மரத்தைத் துளைக்கும் வண்டுகளும் வந்து சேரும். இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு கைப்பிடிச் சருகாக இருக்கலாம்!

1955இல் சட்டமாக வந்து இன்றும் தொடரும் விதிப்படி இங்கிலாந்துத் திருச்சபையின் ஒவ்வொரு சர்ச் கட்டடத்தையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டடக்கலை வல்லுநர் பார்த்து அறிக்கை தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் இடையில் வருகிற குளிர்காலங்களில் யார் பார்ப்பது? கிராமத்தில் கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் சர்ச் வார்டன் சம்பளம் வாங்காமல் வேலை செய்பவர், பல ஊர்களில் வயதானவர், ஏணி ஏறச் சொல்ல முடியாது. கையில் நல்ல லென்ஸோடு வருகிற நீங்கள் அவருடைய கண்ணாக இருக்கலாம்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் ரோம்னி மார்ஷ் என்ற தாழ்நிலத்தில் ஃபேர்ஃபீல்டு சர்ச் இருக்கிறதே, புல்வெளி நடுவே வாய்க்கால்கள் சூழத் தனியாக நிற்குமே, அதை எல்லோரும் தூரத்திலிருந்து தண்ணீரில் விழும் நிழலோடு எடுப்பார்கள். அழகான படம், எடுங்கள். அப்புறம் எந்தச் சர்ச் ஆனாலும் பக்கத்தில் போய் ஒரு சுற்று சுற்றுங்கள், முடிந்தால் மழை பெய்யும்போதே. வெயில் படாத வடக்குச் சுவரை விட்டுவிடாதீர்கள் (தரை வழுக்கும், பார்த்து நடங்கள்). குழாய்க்குப் பின்னால் பச்சைப் பாசிக் கோடு, சுவர் உச்சியிலிருந்து வளரும் செடி, உள்ளே கூரையும் சுவரும் சேருமிடத்தில் பழுப்புக் கறை, இவற்றைக் கண்டால் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, நெருங்கி ஒன்று எடுத்துத் தேதியோடு வார்டனுக்கு அனுப்புங்கள். அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் பெரும்பாலும் வாசல் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் இருக்கும். நீங்களாக எதையும் பிடுங்கவோ சுரண்டவோ வேண்டாம். சுவரில் பழைய ஓவியம் இருந்தால் சாய்ந்து நிற்காதீர்கள், கேமரா முக்காலியின் காலைத் தரையில் பதித்த பழைய நினைவுப் பித்தளைத் தகடுகள்மேல் ஊன்றாதீர்கள்.

கேமரா விஷயம் சுருக்கமாக: குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரியைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். வெதுவெதுப்பான காருக்குள் ஏறுமுன் கேமராவைப் பையில் போட்டு இறுக மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துவிடும்.

இன்னொன்று. கூரையில் வேய்ந்த ஈயத் தகட்டைத் திருடுகிறவர்கள் பல சர்ச்சுகளை நாசமாக்கியிருக்கிறார்கள், தகடு போன மறு மழைக்கே உள்ளே எல்லாம் நனைந்துவிடும். ஆகவே ஈயக் கூரையும் வெள்ளிப் பாத்திரங்களும் தெரிகிற படங்களை இடக்குறிப்போடு பொதுவில் போடாதீர்கள், வார்டனுக்கு மட்டும் அனுப்பினால் போதும். கிளம்பும்போது கதவை மறக்காமல் சாத்துங்கள். பறவை உள்ளே புகுந்தால் வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும்.