ரெபெல்: நடுச்சாலையில் நிற்பது புரட்சியா?

வரலாற்று ஸ்ட்ராட்டஜி கேம்களைத் தமிழில் விளக்கும் காணொளிகளில் ‘புரட்சிப்படை’ என்ற சொல்லை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. நேற்றுக் கேட்டதோடு பொறுமை போய்விட்டது. “ரோட்டுல ஒரு புரட்சிப்படை நிக்குது, அதான் வருமானம் குறையுது” என்றார் ஆடுகிறவர். ரோட்டில் நின்று வணிகனை மறிப்பவன் என்ன புரட்சி செய்துவிட்டான்?

ஆங்கில மூலச்சொல் ரெபெல் (rebel). லத்தீனில் ‘ரெ’ என்றால் மீண்டும், ‘பெல்லும்’ என்றால் போர். தோற்றுப் பணிந்தவன் மறுபடி ஆயுதம் தூக்குவது. பிறப்பு அவ்வளவுதான். நமக்கும் இது புதிய நிலவரம் அல்ல. குலோத்துங்கனுக்குத் திறை கட்டாமல் இரண்டு முறை தவறிய கலிங்க மன்னன் மேல் கருணாகரத் தொண்டைமான் படை நடத்திப் போனதைத்தான் கலிங்கத்துப்பரணி பாடுகிறது. அந்த மன்னனைப் புரட்சியாளன் என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லித் தந்ததில்லை.

புரட்சி வேறு சாதிச் சொல். புரள், புரட்டு, புரட்சி: கீழது மேலாக, மேலது கீழாக அடியோடு மாறுவது. 1917இல் ருஷ்யாவில் நடந்ததைப் பாரதி ‘யுகப் புரட்சி’ என்றபோது அந்தச் சொல்லுக்கு முழு வேலை இருந்தது. பிறகு அதைப் பட்டப்பெயர்களில் ஒட்டி ஒட்டித் தேய்த்துவிட்டோம். இருந்தாலும், தோற்றாலும் வென்றாலும் புரட்சிக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்ற எண்ணம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஆட்டங்களில் ‘ரெபெல்’ என்ற பெயரில் கணினி ஆட்டுவிக்கும் சாம்பல்நிறப் படைக்கு நோக்கமே கிடையாது.

2006இல் வந்த ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1080ஆம் ஆண்டில் ஆட்டம் தொடங்கும்போதே டப்ளின், பிளாரன்ஸ் போன்ற நகரங்கள் ‘ரெபெல்ஸ்’ கையில் இருக்கும். யாரை எதிர்த்து? யாரையும் இல்லை. ஆட்டத்தில் இடம்பெறாத சிற்றரசுகளையெல்லாம் ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டிய பெயர் அது. இவர்கள் பெரும்பாலும் கோட்டையைவிட்டு நகர மாட்டார்கள். அரசுகளோடு செய்வதுபோல் உடன்படிக்கை எதுவும் இவர்களோடு செய்துகொள்ள முடியாது. இவர்களுக்குத் ‘தன்னரசுகள்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. அடுத்த வகை, வயல்வெளியில் திடீரென்று முளைத்து, விளைச்சலைப் பாழாக்கி, வணிகப் பாதையை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கும் படை. இவர்களுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய பெயர் உண்டு: ஆறலை கள்வர். ஆறு என்றால் வழி, அலைத்தல் என்றால் வருத்துதல். சங்கப் புலவன் கண்ட கள்வனும் வழியில்தான் நின்றான்.

மூன்றாவது வகைதான் உண்மையான ரெபெல். மக்கள் அமைதியிழந்து நகரமே கைமாறும்போது, அல்லது விசுவாசம் குறைந்த தளபதி உங்கள் படையோடு சேர்ந்தே கழன்றுகொள்ளும்போது வருகிறவன். இவனுக்கு என் சொல் ‘கலகப்படை’.

உடனே தனித்தமிழ் நண்பர் ஒருவர், ‘கலகம்’ வடமொழி, ‘கிளர்ச்சிப்படை’ என்று எழுதுங்கள் என்பார். எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. 1938லும் 1965லும் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி நடந்தது. ஊர்வலமும் மறியலும் போராட்டமும்தான் அந்தச் சொல்லோடு நினைவுக்கு வருகின்றன, முற்றுகையிடும் குதிரைப்படை அல்ல. ‘கிளர்ச்சியூட்டும்’ என்றால் வார இதழ்களில் என்ன பொருள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாரதர் புண்ணியத்தில் கலகம் என்னும் சொல் எப்போதோ தமிழாகிவிட்டது. தூய்மைக்காகத் தெளிவை விற்க நான் தயாரில்லை.

கலகத்துக்கு இன்னொரு தகுதியும் உண்டு. அது ஆள்பவன் வாயிலிருந்து வரும் சொல். 1806 வேலூரையும் 1857ஐயும் ஆங்கிலேயன் சிப்பாய்க் கலகம் என்றான்; நாம் விடுதலைப் போர் என்கிறோம். ஆட்டத்தில் அரியணையில் இருப்பது நீங்கள். அங்கிருந்து பார்த்தால் எழுந்து வருகிறவன் கலகக்காரன்தான்.

2013இல் வந்த ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ ஆட்டம் இந்த வேறுபாடுகளைத் தானே பிரித்துக் காட்டுகிறது. அங்கே கலகம் சதவீதக் கணக்கில் வளர்ந்து, 100ஐத் தொட்டதும் வெடிக்கும். பிரிவினை கேட்பவன், உழவன், மத வெறியன், அரியணைக்கு உரிமை கோருபவன் எனப் பல வகை. இவர்கள் சும்மா நிற்பதில்லை. மாகாணம் மாகாணமாக முற்றுகையிடுவார்கள். உரிமை கோருபவன் வென்றால் மகுடம் அவன் தலைக்குப் போகும், ஆனால் அரசமைப்பு அப்படியே இருக்கும். ஆள் மாறியது, எதுவும் புரளவில்லை. இதையும் ‘புரட்சி’ என்று மொழிபெயர்த்தால், அதே ஆட்டத்தின் கடைசிக் காலத்தில் பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டி வரும் நிஜப் புரட்சிக்கு எந்தச் சொல்லை மிச்சம் வைத்திருக்கிறீர்கள்?

அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவதுதான் இப்போது மொழிபெயர்ப்பு. ‘கணினியால் கட்டுப்படுத்தப்படும் புரட்சிப்படை உருவாக்கப்பட்டது’ என்று ஒரு துணைத்தலைப்பில் படித்தேன். ‘கலகப்படை முளைத்தது’ போதும். கணினிதான் முளைக்க வைக்கிறது என்பது ஆடுகிறவனுக்குத் தெரியாதா?