பார்வையில்லாதவர்களும் தாங்களே வாங்கக்கூடிய ஷாப்பிங் செயலி: சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் கேட்பது

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கடை வைத்திருப்பவர்கள் பலர் இப்போது சொந்தமாகச் செயலி வைத்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். திருபுவனம் பட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, கும்பகோணம் பித்தளைப் பாத்திரம் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. நல்ல விஷயம். அந்தச் செயலியைப் பார்வையில்லாத ஒருவர், பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளாமல், தானே திறந்து, பொருளைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பவும் முடிய வேண்டும். சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிற உரிமை இது. கடைக்காரர்களில் பலருக்கும், செயலி எழுதித் தருகிற இளைஞர்களுக்கும் இது தெரிவதில்லை. உரிமை உள்ளவர்களுக்கே தெரியாமல் இருப்பது அதைவிட வருத்தம். "பேரனிடம் கொடுத்து ஆர்டர் போடச் சொன்னேன்" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். பேரனுக்குத் தெரியாமல் பேத்திக்கு ஒரு பரிசு வாங்க நினைத்தால் என்ன செய்வது?

சட்டத்தில் என்ன இருக்கிறது

அடிப்படை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 40-ஆவது பிரிவு, கட்டடம், போக்குவரத்து, தகவல் தொடர்பு எல்லாவற்றுக்கும் அணுகல் விதிகளை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருப்பதற்கான விதிகளை, மத்திய அரசு வகுக்க வேண்டும் என்கிறது. 42-ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்களில் வருகிற உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. நம் விஷயத்துக்கு நேராக வருவது 46-ஆவது பிரிவு. சேவை வழங்குபவர் அரசானாலும் தனியாரானாலும், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அந்த விதிகளின்படி சேவை தர வேண்டும் என்று அது சொல்கிறது. பெரிய நிறுவனம், சின்னக் கடை என்ற பிரிவினை அதில் கிடையாது.

விதிகள் 2017 ஜூனில் வந்தன. முதலில் அவை இணையதளங்களுக்கு அரசு இணையதள வழிகாட்டு நெறிகளைத்தான் சுட்டின. 2023-ல் திருத்தம் வந்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 17802 என்ற தரநிலை சேர்க்கப்பட்டது. இணையதளம், செயலி, மென்பொருள் எல்லாம் இதற்குள் வரும். உலகம் முழுவதும் பின்பற்றப்படும் டபிள்யூகேக் (WCAG) என்ற இணைய அணுகல் வழிகாட்டியைத் தெரிந்த புரோகிராமருக்கு இதில் புதிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. அதன் வழியைத்தான் இதுவும் பின்பற்றுகிறது.

உச்ச நீதிமன்றமும் இதில் இரண்டு முறை உறுதியாகப் பேசியிருக்கிறது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு, அணுகல் என்பது கட்டாயம் என்று சட்டம் சொல்லும்போது, விதி அதை வெறும் பரிந்துரையாகக் குறைக்க முடியாது என்றது. அந்தக் காரணத்தாலேயே, 2017 விதிகளில் அணுகல் தரநிலைகளைச் சுட்டும் 15-ஆவது விதியின் முதல் உட்பிரிவு செல்லாது என்று அறிவித்து, கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அடுத்தது 2025 ஏப்ரல் 30. அமிலத் தாக்குதலுக்கு ஆளான பிரக்யா பிரசூனும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகள் அவை. கண் சிமிட்டு, கேமராவைப் பார் என்று கேட்கிற இணையவழி கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முறையால் தாங்கள் வங்கிச் சேவையிலிருந்து ஒதுக்கப்படுகிறோம் என்றார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"இதெல்லாம் அரசுக்குத்தானே, என் ஆப் தனியார் ஆப்" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மருத்துவரிடம் நேரம் பதிவு செய்யும் பிராக்டோ செயலி மீது வழக்கறிஞர் ராகுல் பஜாஜ் புகார் கொடுத்தார். அதில் 46-ஆவது பிரிவு தனியாரையும் கட்டுப்படுத்தும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் 2022-ல் உத்தரவிட்டார். சட்டத்தை மீறினால் 89-ஆவது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறை 50,000-க்குக் குறையாமல் 5 லட்சம் வரை போகலாம்.

காதால் கேட்டால் செயலி எப்படி இருக்கும்

சட்டத்தைவிட இந்தப் பகுதிதான் முக்கியம் என்பேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் இருக்கிறது, ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும், இருமுறை தட்டினால் திறக்கும். பார்வையில்லாதவர் திரையை ஒரே பார்வையில் அள்ளிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். அதனால் எந்த வரிசையில் வாசிக்கிறது, என்ன பெயர் சொல்லி வாசிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு பட்டுப்புடவைப் பக்கத்தைக் கவனிக்காமல் செய்திருந்தால் டாக்பேக் இப்படி வாசிக்கும்: "பட்டன். பட்டன். ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் 2047, படம். 14,500 ரூபாய். 11,900 ரூபாய். பட்டன். பட்டன். பட்டன்." முதல் பட்டன் பின்னால் போவது, இரண்டாவது விருப்பப் பட்டியல். கடைசி மூன்றும் நிறத்தைக் காட்டும் வட்டங்கள். கேட்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. எந்த விலை உண்மையான விலை என்பதும் தெரியாது, ஏனென்றால் பழைய விலைமேல் போட்ட குறுக்குக்கோட்டைக் கண்தான் பார்க்கும்.

அதே பக்கத்தைச் சரியாகச் செய்தால்: "பின்னால் செல், பட்டன். விருப்பப் பட்டியலில் சேர், பட்டன். திருபுவனம் பட்டுப்புடவை, அரக்கு நிற உடல், மாம்பழ மஞ்சள் கரை, முந்தானையில் ஜரிகை அன்னம், படம். பழைய விலை 14,500 ரூபாய், இப்போது 11,900 ரூபாய். நிறம் அரக்கு, தேர்ந்தெடுக்கப்பட்டது. நிறம் மயில் கழுத்து. நிறம் வாடாமல்லி." பார்வை உள்ளவருக்குத் திரை முன்பு போலவேதான் இருக்கும். மாறியது பின்னால் எழுதிய சில வரிகள் மட்டும்.

"கண் தெரியாதவருக்கு நிறத்தைச் சொல்லி என்ன பயன்" என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் யோசித்தால் அந்தக் கேள்வியே எழாது. பாதி வயதில் பார்வை இழந்தவர்கள் நிறத்தை மறப்பதில்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கும், தங்கை கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் உடுத்துகிறோம், எந்த ரவிக்கை அதற்குப் பொருந்தும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஓரளவு பார்வை உள்ளவர்களிலும் பலர் இதே டாக்பேக்கைப் பயன்படுத்துகிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற அளவிலாவது நிற வேறுபாடு வேண்டும் என்று தரநிலை கேட்பது அவர்களுக்காகத்தான். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து அழகாக இருக்கலாம், அவர்களால் படிக்க முடியாது.

இன்னொன்று, ஒரு காரியம் நடந்தால் அதைச் சொல்ல வேண்டும். கார்ட்டில் சேர்த்ததும் மேலே ஒரு சின்ன எண் 1 என்று மாறுவது போதாது. "கார்ட்டில் சேர்ந்தது, மொத்தம் ஒரு பொருள்" என்று குரலில் வர வேண்டும். இல்லையென்றால் அவர் மறுபடியும் தட்டுவார், மூன்று குத்துவிளக்கு வீட்டுக்கு வந்து நிற்கும். தவறு நேர்ந்தாலும் அப்படித்தான். பெட்டியைச் சிவப்பாக்கிவிட்டால் போதாது, "கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது" என்று சொல்ல வேண்டும்.

தமிழில் விற்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அந்த எழுத்துருவோடு அப்படியே ஒட்டினால் திரையில் தமிழாகத் தெரியும், குரலிலோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். எல்லாம் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் தமிழ் என்று புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறிமுறையில், இருக்க வேண்டும். அதேபோல், "ஆடித் தள்ளுபடி, வெள்ளிக்கிழமை வரை" என்று நோட்டீஸ் போல வடிவமைத்துப் படமாகவே போட்டால் டாக்பேக்குக்கு அது வெறும் படம். அந்த வாசகத்தைப் படத்தின் விளக்கமாகவும் எழுதிவிட வேண்டும். இது தமிழ் என்று செயலிக்குள் மொழியைக் குறித்துவைத்தால், வாசிக்கும் குரலும் தமிழுக்கு மாற வசதியாக இருக்கும்.

முகவரிக்கு வருவோம். வரைபடத்தில் ஊசியை நகர்த்தி வீட்டைக் காட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று பல செயலிகள் அடம்பிடிக்கின்றன. பார்வையில்லாதவரால் அதைச் செய்யவே முடியாது. நம் பக்கத்துக் கிராமங்களில் பார்வை உள்ளவருக்கே அது கஷ்டம். "மேலத்தெரு, பிள்ளையார் கோவிலுக்கு எதிர்ச்சந்து, வாய்க்கால் மதகு தாண்டி இரண்டாவது வீடு" என்று எழுத ஒரு பெட்டி கொடுத்தால் கொண்டுவருபவருக்கும் அதுதான் உதவும்.

பணம் கட்டும் பக்கத்தில் கோணல் எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் கேப்சா இருந்தால், ஒலி வழியோ வேறு வழியோ கூடவே இருக்க வேண்டும். ஓடிபி அடிக்கக் கொடுக்கும் நேரமும் போதுமானதாக இருக்க வேண்டும், ஏனென்றால் குறுஞ்செய்தியைக் கேட்டு, திரும்பி வந்து, ஒவ்வோர் எண்ணாகத் தொட அவருக்குக் கூடுதல் நேரம் ஆகும். பணப் பரிமாற்ற நிறுவனங்கள் தங்கள் முறைகளை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று சரிபார்த்துத் திருத்த வேண்டும் என 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கியும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஏற்கெனவே டிக் செய்து வைத்த காப்பீடு, நன்கொடைப் பெட்டிகளும் இருக்கக் கூடாது. இதை மின்வணிக விதிகள், 2020 எல்லோருக்குமாகவே தடுக்கிறது. காதால் கேட்டு வாங்குபவர் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விட வாய்ப்பு அதிகம் என்பதால் அவருக்கு இழப்பும் அதிகம்.

பொருளைத் திருப்பி அனுப்ப "சேதமான இடத்தைப் படமெடுத்து ஏற்றுக" என்று மட்டும் இருந்தால், தொலைபேசியில் பேசி முடிக்கும் வழியும் வையுங்கள். நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்பது 2016 சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செயலி எழுதக் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் ஐஎஸ் 17802-ஐ எழுதிவிடுங்கள். முடித்த பிறகு திருத்துவதற்குத்தான் செலவு அதிகம். கூகுளின் ஆக்ஸசிபிலிட்டி ஸ்கேனர் இலவசம், பெயரில்லாத பட்டன்களை அதுவே காட்டிவிடும். ஆனால் அது மட்டும் போதாது. உங்கள் ஊரிலேயே டாக்பேக் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, கூலி கொடுத்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள். அவர் நிற்கிற இடத்தில் உங்கள் வேலை இருக்கிறது.

வாங்க முடியவில்லை என்றால் எங்கே கேட்பது

முதலில் செயலியின் குறைதீர் அலுவலரிடம். அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரம் செயலியில் இருக்க வேண்டும் என்பது மின்வணிக விதி. புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

புகாரை "ஆப் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் "எங்களுக்கு வேலை செய்கிறதே" என்று பதில் வரும். கைப்பேசி எது, செயலியின் பதிப்பு எண் என்ன, எந்தப் பக்கம், என்ன கேட்டது என்று எழுதுங்கள். உதாரணமாக: "கார்ட் பக்கத்தில் பணம் செலுத்தும் பட்டனை டாக்பேக் வெறுமனே பட்டன் என்று வாசிக்கிறது. இருமுறை தட்டினாலும் திறக்கவில்லை. இதனால் நான் தனியாக வாங்க முடியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 46-ன்படி இதைச் சரிசெய்து தர வேண்டும்." டாக்பேக் குரலோடு திரையைப் பதிவு செய்து இணைத்தால் மறுக்க முடியாது.

அதில் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். உரிமை மறுக்கப்பட்டது என்ற அளவில் ஆணையரிடம் போகலாம். தமிழ்நாட்டுக் கடை என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், நாடு முழுவதும் விற்கும் செயலி என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். ஆளை அழைத்து விசாரிக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மனு எழுத உதவி வேண்டுமானால் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்ப் பொருள் வரவில்லை, தவறான பொருள் வந்தது, திரும்ப எடுக்க மறுக்கிறார்கள் என்றால் அது நுகர்வோர் ஆணைய வழக்கு. கம்பெனி பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. திருத்துறைப்பூண்டிக்காரர் திருவாரூர் ஆணையத்துக்குப் போனால் போதும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளம் வழியாக இணையத்திலும் தாக்கல் செய்யலாம். குறைதீர் அலுவலருக்கு அனுப்பிய புகார் எண்ணும், அது அனுப்பப்பட்ட தேதியும் அங்கே தேவைப்படலாம். முதல் நாளிலேயே அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.