ரீபேட்ரியேஷன்: சொல் விளக்கம்

லத்தீனில் பாட்டர் என்றால் தகப்பன். அதிலிருந்து வந்த பாட்ரியா, தந்தையர் நாடு. 'மீண்டும்' என்ற பொருளில் முன்னால் 'ரீ' சேர, சொந்த நாட்டுக்குத் திரும்புவதைக் குறிக்கும் வினை உண்டானது. போர்க்கைதிகளுக்கும் அகதிகளுக்கும் வழங்கிய சொல் இது. நமக்கு 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தோடு பழக்கம். அதன்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழரை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது. அவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள் என்பது தனிக்கதை. லத்தீனின் தகப்பன் தமிழில் தாயாகிவிட்டதையும் கவனிக்கலாம். பூர்வகுடிப் பெண்கள் சிலர் தகப்பனை விலக்கி 'ரிமேட்ரியேஷன்' என்று புதுச்சொல்லே படைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை.

அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும் மூதாதையர் எலும்புகளை அவர்கள் வழிவந்தோரிடம் கொடுப்பதற்கும் இன்று இதே சொல்தான். 2019இல் எடின்பரோ பல்கலைக்கழகம் இலங்கைப் பூர்வகுடிகளான வேடரின் ஒன்பது மண்டையோடுகளை அந்தச் சமூகத்திடம் திருப்பித் தந்தது. அதைத் 'தாயகம் திரும்பல்' என்றால் பொருந்தும். எல்லா இடத்திலும் பொருந்துமா என்றால், இல்லை.

1996 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கென்னவிக் ஊரருகே கொலம்பியா ஆற்றில் இரண்டு இளைஞர்கள் ஒரு மண்டையோட்டைக் கண்டார்கள். படகுப் பந்தயம் பார்க்க வந்தவர்கள். தேடத்தேட, ஏறக்குறைய முழு எலும்புக்கூடே கிடைத்தது. இடுப்பெலும்பில் கல் ஈட்டிமுனை ஒன்று பதிந்திருந்தது. வயது சுமார் 8,500 ஆண்டுகள். ஆய்வாளர்கள் 'கென்னவிக் மனிதன்' என்றார்கள். அந்த வட்டாரப் பூர்வகுடிகள் 'தொன்மூத்தவர்' என்ற பொருளில் பெயரிட்டு, முன்னோர் எலும்புகளைப் பூர்வகுடிகளிடம் ஒப்படைக்கச் சொல்லும் 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி தங்களிடம் தரவேண்டும், புதைக்கவேண்டும் என்றார்கள். ஆய்வு செய்ய விடவேண்டும் என்று எட்டு விஞ்ஞானிகள் நீதிமன்றம் போனார்கள். இவருக்கும் இன்றைய குடிகளுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆய்வுக்கு வழிவிட்டது. மண்டையோட்டை அளந்தவர்கள், இவர் ஜப்பானின் ஐனுக்களுக்கும் பாலினீசியர்களுக்கும் நெருக்கமானவர் என்றார்கள்.

2015இல் கோபன்ஹேகன் ஆய்வுக்குழு கை எலும்பிலிருந்து மரபணுவைப் படித்தது. முடிவு நேர்மாறு: இன்றைய அமெரிக்கப் பூர்வகுடிகளே அவருக்கு மிக நெருக்கம். ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் மரபணு மாதிரிகளைத் தந்தவர்கள், வழக்கில் எதிர்த்தரப்பில் நின்ற குடிகளில் ஒன்றான கால்வில் மக்கள். அவரைக் குடிகளிடம் ஒப்படைக்கச் சொல்லி 2016 டிசம்பரில் தனிச்சட்டம் வந்தது. 2017 பிப்ரவரியில் ஐந்து குடிகள் சேர்ந்து அவரைப் புதைத்தன. இடத்தை வெளியில் சொல்லவில்லை.

இருபது ஆண்டு இழுபறியில் அந்த எலும்புகள் இருந்ததும் வாஷிங்டன் மாநிலம், போய்ச்சேர்ந்ததும் வாஷிங்டன் மாநிலம். எந்த நாட்டுக்கும் யாரும் திரும்பவில்லை. மாறியது உரிமை; எலும்பை என்ன செய்வது என்று முடிவுசெய்யும் உரிமை. அமெரிக்கச் சட்டமும் இந்தச் சொல்லால் அதைத்தான் குறிக்கிறது. உரிமை பெற்ற குடி, எலும்புகளை அருங்காட்சியகத்தின் பொறுப்பிலேயே விட்டுவைக்கலாம், ஆய்வுக்கு ஒப்புதலும் தரலாம். மொன்டானாவில் கிடைத்த, சுமார் 12,600 ஆண்டுப் பழமையான ஆன்சிக் குழந்தையின் மரபணு ஆய்வு வெளிவந்ததும் 2014இல்தான், பூர்வகுடிச் சடங்குடன் அது மறுபடி புதைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆகவே ஒப்படைப்பு என்றாலே ஆய்வுக்குப் பூட்டு என்று பதறுவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டுச் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

அதனால் இந்தப் பொருளில் 'உரியோரிடம் ஒப்படைத்தல்' என்பதே என் தேர்வு. சுருக்கமாக 'உரியோர் ஒப்படைப்பு'. 'சிலை மீட்பு' போல 'மீட்பு' என்றும் எழுதலாம். ஆனால் அது பெறுகிறவர் பக்கத்துச் சொல். அருங்காட்சியகம் தன் அறிக்கையில் 'மீட்டோம்' என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

அப்புறம் 'மனித எச்சங்கள்'. எச்சம் என்றதும் பலருக்குக் காக்கைதான் நினைவுக்கு வரும். பழைய தமிழில் அதற்குச் சந்ததி என்ற பொருளும் உண்டு. 'எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் அப்படித்தான் உரை சொல்கிறார். இருந்தாலும் செய்தியில் 'முன்னோர் எலும்புகள்' என்றே எழுதுங்கள். பல், முடி எல்லாம் சேர்ந்திருந்தால் 'உடல் எச்சங்கள்' போதும்.