ஃபாதர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்: அவசரத் திருமுழுக்கும் மீட்பும்

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. இரவு இரண்டு மணி. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போகிறது. வெளியே வராந்தாவில் பாட்டி, "ஃபாதருக்கு போன் போடுங்க, ஞானஸ்நானம் இல்லாம புள்ள போயிடக் கூடாது" என்று பதறுகிறார். ஃபாதர் கிளம்பி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். குழந்தைக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை.

இப்படி ஃபாதருக்காகக் காத்திருப்பது மருத்துவமனைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், எண் 861, அவசர நேரத்தில் சரியான கருத்தோடு யார் வேண்டுமானாலும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுக்கலாம் என்கிறது. அப்பா, அம்மா, டியூட்டி நர்ஸ், யாராக இருந்தாலும் சரி. நர்ஸ் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்தாலும் செல்லும். திருச்சபை இந்தச் சடங்கில் எதைச் செய்கிறதோ அதையே செய்கிறேன் என்ற எண்ணம் அவருக்கு இருந்தால் போதும். ஞானப்பெற்றோர், மெழுகுதிரி, எண்ணெய், மந்திரித்த தண்ணீர் எதுவும் கட்டாயமில்லை.

பெற்றோர் கேட்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். சாகக் கிடக்கும் குழந்தை விஷயத்தில் சட்டம் ஒரு விதிவிலக்கு தருகிறது, உண்மைதான். ஆனாலும் பெற்றோருக்குத் தெரியாமல் இன்னொருவர் குழந்தைமேல் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் நம்பிக்கையை உடைக்கும் செயல். அதைச் செய்யவே கூடாது.

செய்யும் முறைக்கு வருவோம். முதலில் நர்ஸிடம் சொல்லி, முழங்கைவரை கையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். ஊசி கழற்றிய புது சிரிஞ்சில் 3 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் எடுத்து, உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். குளுக்கோஸ், சலைன் பாட்டிலைத் தொட வேண்டாம். வெறும் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சந்தேகத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? இன்குபேட்டரின் மூடியைத் திறக்காமல் கை நுழையும் ஓட்டை வழியாகவே செய்யுங்கள். தொப்பி போட்டிருந்தால் விலக்கி, தலையின் பக்கவாட்டில் தண்ணீர் தோலைத் தொட்டு ஓடும்படி விடுங்கள். கீழே காஸ் துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தின் பக்கம் வழியவிட்டால் சுவாசக் குழாயை ஒட்டியிருக்கும் பிளாஸ்டர் நனைந்து குழாய் நழுவலாம். தலையில் ஊசி போட்டிருந்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். முடிந்த உடனே ஒற்றித் துடைத்துவிட வேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு ஈரத்தாலேயே உடல் சூடு இறங்கிவிடும்.

ஊற்றும்போதே, அதே ஆள், வாய்விட்டுச் சொல்ல வேண்டியது: "(பெயர்), தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்." பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே சொல்லலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மி.லி. என மூன்று முறை ஊற்றுவது வழக்கம். பெயர் இன்னும் வைக்காவிட்டாலும் திருமுழுக்கு செல்லும்.

பிழை நடப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். ஒருவர் தண்ணீர் ஊற்ற இன்னொருவர் ஜெபத்தைச் சொல்வது. ஈர விரலால் நெற்றியில் சிலுவை மட்டும் போடுவது. முடிமேலோ தொப்பிமேலோ நாலு துளி தெளித்துவிட்டு, தோல் நனைந்ததா என்று பார்க்காமல் விடுவது. "நான்" என்பதற்குப் பதில் "நாங்கள்" என்பது. இந்தக் கடைசிப் பிழையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். "நாங்கள்" என்று சொல்லிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அறிவித்தது. அமெரிக்காவின் டெட்ராய்டில் ஒரு குருவானவர், தான் குழந்தையாக இருந்தபோது எடுத்த திருமுழுக்கு வீடியோவில் அதே சொல் இருப்பதைக் கண்டார். திருமுழுக்கிலிருந்து குருப்பட்டம்வரை எல்லாவற்றையும் அவர் புதிதாகப் பெற வேண்டியதாயிற்று.

உயிர் இருக்கிறதா என்றே தெரியாத நிலையில், "நீ உயிரோடு இருந்தால்" என்று சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம். உயிர் போய்விட்டது என்று உறுதியானபின் திருமுழுக்கு கிடையாது. திருமுழுக்கு போன்ற திருவருட்சாதனங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு உரியவை.

அப்படியானால் அந்தக் குழந்தைக்கு மீட்பு இல்லையா? வராந்தாவில் நிற்கும் பாட்டியின் பயமெல்லாம் இந்தக் கேள்விதான். "தண்ணீராலும் ஆவியாலும் பிறவாவிட்டால்" இறையாட்சிக்குள் நுழைய முடியாது என்ற யோவான் 3:5 அவர் மனதில் ஊறிப்போன வசனம். மாற்கு 16:16-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம்பித் திருமுழுக்குப் பெறுபவர் மீட்புப் பெறுவார் என்று தொடங்கும் அந்த வசனம், தண்டனையைப் பற்றிப் பேசும்போது நம்பாதவரை மட்டுமே குறிப்பிடுகிறது. திருமுழுக்குப் பெறாதவரைச் சொல்லவில்லை. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் திருமுழுக்குப் பெற வாய்ப்பே இல்லை. "இன்றே என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குத்தான் கிடைத்தது.

மீட்புக்குத் திருமுழுக்கு தேவை என்பதே கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. செயலில் இல்லாவிட்டாலும் விருப்பத்திலாவது தேவை என்கிறது சட்ட எண் 849. கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் அருட்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏடும் (எண் 1257) சொல்கிறது. திருமுழுக்கில்லாமல் இறந்த குழந்தைகளை இறை இரக்கத்திடம் ஒப்படைக்கிறோம் என்பது எண் 1261. திருமுழுக்கில்லாமல் இறந்த குழந்தைகள் விண்ணகம் சேராமல் தங்கும் இடம் என்று சொல்லப்பட்ட லிம்போ ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. இந்தக் குழந்தைகளின் மீட்பில் நம்பிக்கை வைக்க வலுவான காரணங்கள் உண்டு என்று 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு எழுதியது. இறந்தவர்கள் பாவக் கறை நீங்கித் தூய்மை பெறும் ஊத்தரிக்கிற ஸ்தலத்தையும் லிம்போவையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "புள்ள அங்க தவிக்குமே" என்று அழுபவர்களும் உண்டு. பாவமே செய்யாத சிசுவுக்கு அங்கே என்ன வேலை?

எல்லாச் சபையும் ஒரே மாதிரி அல்ல. திருமுழுக்கு அவசியம், குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது லுத்தரன் சபையின் 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை, 9-ஆம் பிரிவு. பெந்தெகொஸ்தே சபைகளில், விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் வயது வந்தபின் முழுக்கு ஞானஸ்நானம். குழந்தைக்கு, அதைக் கடவுளிடம் ஒப்படைக்கும் பிரதிஷ்டை ஜெபம் மட்டுமே. எனவே சிரிஞ்சை எடுப்பதற்கு முன், குடும்பம் எந்தச் சபை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குழந்தை பிழைத்துக்கொண்டால் தேதி, நேரம், கொடுத்தவர் பெயர், ஒரு சாட்சியின் பெயர் ஆகியவற்றை அப்போதே எழுதி, பங்குத்தந்தையிடம் சேர்த்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு கோவிலில் எண்ணெய் பூசுவது, வெள்ளாடை, திரி எல்லாம் நடக்கும். தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றுவதில்லை.

திருமுழுக்குக்கு முன்பே குழந்தை இறந்துவிட்டால், பெற்றோர் கொடுக்க நினைத்திருந்தார்கள் என்பதே போதும். ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் (சட்ட எண் 1183). 1917 சட்டத்தில் இதற்கு இடமில்லை. அந்தக் காலத்து வழக்கத்தை நினைத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே இடம் தேடுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். குழந்தையைத் தாயின் கையில் கொடுங்கள். பெயர் வைத்திருந்தால் பெயரைச் சொல்லி, வைக்காவிட்டால் அங்கேயே வைக்கச் சொல்லி, அந்தப் பெயராலேயே மன்றாடுங்கள்.