விறகடுப்புப் புகையால வாற நெஞ்சு வருத்தம்: அரசாங்க ஆஸ்பத்திரியில என்ன கிடைக்கும், எப்பிடிக் கேக்கிறது

வன்னியில ஐம்பது வயசு தாண்டின அம்மாமாரோட கதைச்சுப் பாருங்கோ, கனபேர் "எனக்குக் கொஞ்சம் தொய்வு மாதிரி" எண்டு சொல்லுவினம். விடிய எழும்பினா ஒரு பாட்டம் இருமிச் சளி துப்பின பிறகுதான் தேத்தண்ணி, கிணத்தடியில இருந்து ஒரு குடம் தண்ணி கொண்டு வரேக்க நடுவில நிண்டு மூச்சு வாங்கோணும், மாரி தொடங்கினா இன்னும் மோசம். இதை அவை ஒரு வருத்தமாவே எடுக்கிறேல்ல, வயசு போனா இப்பிடித்தான் எண்டு விட்டுடுவினம். பீடி, சுருட்டு ஒண்டையும் வாழ்நாளில தொடாத ஆக்கள், ஆனா சின்ன வயசில இருந்தே அடுப்புக்கு முன்னால குந்தியிருந்து ஊதாங்குழலால ஊதின ஆக்கள். அந்தப் புகையே இந்த வருத்தத்துக்குக் காரணமா இருக்கலாம். அதைச் சோதிச்சுப் பாக்க வழி இருக்கு, மருந்து இருக்கு, ரெண்டுமே அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமல் கிடைக்கவேண்டியது. ஒருத்தரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டினம் எண்டபடியாத்தான் இதை எழுதுறன்.

முதல்ல புகை என்ன செய்யுது எண்டதைப் பாப்பம். விறகு, பனை மட்டை, பொச்சு, ஊமல் எது எரிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் வரும். பிஎம் 2.5 எண்டு சொல்லுறது அதைத்தான். மூக்கிலயும் தொண்டையிலயும் நிக்காமல் நேர நுரையீரலின்ர அடி வரைக்கும் போற அளவுக்குச் சின்னது. உலக சுகாதார நிறுவனம் 2021இல குடுத்த அளவுப்படி ஒரு நாளைக்கு ஒரு கன மீற்றர் காத்தில 15 மைக்ரோகிராமுக்கு மேல இது இருக்கக்கூடாது, காத்தோட்டம் இல்லாத விறகடுப்புக் குசினியில அது ஏற்கக்கூடிய அளவைவிட நூறு மடங்கு வரைக்கும் போகலாம் எண்டும் அவையே சொல்லுகினம். மூச்சுக்குழாய்க்குள்ள சளியையும் தூசியையும் மேல தள்ளிவிடுற நுண்ணிய மயிர்கள் இருக்கு, வருசக்கணக்கா புகை பட்டுப் பட்டு அது வேலை செய்யாமல் போகும், சளி தேங்கும், சின்னக் குழாய்கள் வீங்கித் தடிச்சு ஒடுங்கும். இப்பிடி ஒடுங்கினது பழையபடி முழுசா விரியாது, தொய்வுக்கும் இதுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். டொக்டர்மார் சீஓபீடி எண்டுவினம், தமிழில நாட்பட்ட சுவாசத் தடை நோய். உங்கட குசினிக் கூரை வளையைக் கையால தடவிப் பாருங்கோ, ஒட்டுற கரி, தும்புக்கட்டையால தட்டினாலும் போகாது, அதில ஒரு பங்கு எரிக்கிற ஆளின்ர நெஞ்சுக்குள்ளயும் போயிருக்கு. 2020இல மட்டும் வீட்டுப் புகையால உலகம் முழுக்க 32 லட்சம் பேர் செத்திருக்கினம் எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது, அதில 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள்.

நெல்லவிக்கிறதையும் சேத்துக் கணக்குப் பாக்கோணும். பரலில நெல்லைப் போட்டு உமியும் ஈர விறகும் வச்சு விடியக்காலம எரிக்கேக்க வாற புகை சமையல் புகையைவிடக் கனதி. மிளகாய் வறுக்கிறது, மா வறுக்கிறது, பின்னேரத்தில மாட்டை நுளம்பு கடிக்காமல் போடுற புகை, அறைக்குள்ள கொளுத்துற நுளம்புத்திரி எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு சேருது.

இனி கிளினிக் விஷயம். நான் முக்கியமாச் சொல்லவேண்டியது இதுதான். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "புகைப்பழக்கம் இருக்கா" எண்டு கேப்பினம், அம்மா "ஐயோ இல்லை" எண்டுவா, அதோட அந்தக் கதை முடிஞ்சுது. விறகடுப்பா காஸ் அடுப்பா எண்டு கனதரம் கேக்கிறேல்ல. சனம் நிரம்பின ஓபீடியில, அதாவது வெளிநோயாளர் பிரிவில, ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிசமும் கிடைக்காது, அப்ப இருமலுக்கு ஒரு பாணியும் அன்ரிபயோட்டிக்கும் எழுதி அனுப்பிறதுதான் நடக்கும். அதால நீங்களே வாய் திறந்து சொல்லோணும்: இத்தினை வருசமா விறகில சமைக்கிறன், குசினி மூடின குசினி, இருமல் இவ்வளவு காலமா இருக்கு, நடந்தா களைக்குது. இந்த நாலு வசனத்தை ஒரு துண்டில எழுதிக்கொண்டு போனாலும் பிழையில்ல. டொக்டருக்குத் தமிழ் விளங்காட்டி நேர்ஸிட்டச் சொல்லிச் சொல்லுவியுங்கோ, வடக்கில நிர்வாக மொழி தமிழ்தான், தமிழில கதைச்சு விளங்கப்படுத்துறது உங்கட உரிமை, அதில கூச்சப்படவே தேவையில்ல.

எங்க போறது? அவசரம் இல்லாத ஆக்களுக்கு ஆரோக்கிய வாழ்வு நிலையம் எண்டு ஒண்டு இருக்கு. 2011இல தொடங்கினது, இப்ப 35 வயசுக்கு மேற்பட்ட ஆக்கள் வருத்தம் இல்லாட்டிக்கூடப் போய்ப் பாக்கலாம், பிரஷர், சீனி, எடை எல்லாம் பாப்பினம், காசில்ல. பொம்பிளையளுக்கு எம்ஓஎச் ஒவ்வீஸ், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பக்கத்தில வெல் வுமன் கிளினிக்கும் நடக்கும், அது 1996இல இருந்து இருக்கு. ரெண்டிலயும் நுரையீரலை முக்கியமாப் பாக்கிறேல்ல, ஆனா அங்க விறகடுப்பையும் இருமலையும் சொன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தருவினம், அந்தத் துண்டு கையில இருந்தா பேந்து போற இடத்தில கதைக்கிறது லேசு. கிளினிக் என்னைக்கு எண்டது உங்கட குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும், அவவைக் கேளுங்கோ.

இருமல் ரெண்டு கிழமைக்கு மேல போனா நேர மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கே போகலாம், சனம் செஸ்ட் கிளினிக் எண்டு சொல்லுறது அதைத்தான், வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நாலு மாவட்டத்துக்கும் இருக்கு. காசநோய்க்காரர் போற இடம் எண்டு பயந்து கனபேர் அந்தப் பக்கமே போறேல்ல, ஊர் என்ன சொல்லும் எண்ட யோசினை. அந்தப் பயத்தை விடுங்கோ. புகையால வாற இருமலும் காசநோய் இருமலும் வெளியில பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும், அதால முதல்ல சளியைச் சோதிச்சு காசநோய் இல்லை எண்டதை உறுதிப்படுத்தத்தான் வேணும். காசநோய் இருந்தாலும் ஆறு மாச மருந்து இலவசம், ஒழுங்காக் குடிச்சா சுகமாகும். சளியில ரத்தம், காரணமில்லாமல் மெலியிறது, ராவில வேர்க்கிறது இருந்தா ஒரு நாளும் பிந்தக்கூடாது.

காசநோய் இல்லை எண்டா எக்ஸ்ரே எடுப்பினம், பிறகு ஸ்பைரோமெட்ரி, அதாவது ஒரு குழாய்க்குள்ள பலமா ஊதிப் பாக்கிற டெஸ்ட். பம் எண்டது வாயில வச்சு மருந்தை உள்ள இழுக்கிற இன்ஹேலர், அதை அடிக்க முதல் ஒருக்கா, அடிச்ச பிறகு ஒருக்கா ஊதச் சொல்லுவினம். முழுசா ஊதின காத்தில முதல் ஒரு செக்கனுக்குள்ள வெளிய வந்தது எவ்வளவு எண்டு மெஷின் கணக்குப் பாக்கும், பம் அடிச்ச பிறகும் அது 70 வீதத்துக்குக் குறைவா இருந்தா சீஓபீடி எண்டு எடுப்பினம். எக்ஸ்ரேயை மட்டும் வச்சு இதை முடிவெடுக்க ஏலாது, அதால ஊதிப் பாக்கிற டெஸ்ட் எழுதுவீங்களோ எண்டு கேளுங்கோ, கேக்கிறதில ஒரு பிழையும் இல்ல.

மருந்து பம்தான். மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல், வீக்கத்தைக் குறைக்கிற பெக்லோமெத்தசோன் ரெண்டும் அரசாங்க ஆஸ்பத்திரியில குடுக்கிறது, கிளினிக் கொப்பி போட்டு ஒவ்வொரு முறையும் மருந்து எடுக்கலாம். பம் பழகினா விட ஏலாது, கடைசி மருந்து எண்டெல்லாம் ஊரில கதை இருக்கு, அது சரியில்ல, குளிசையைவிடக் குறைஞ்ச அளவு மருந்து நேர நெஞ்சுக்குப் போறபடியா பம்தான் பாதுகாப்பு. அடிக்கிற முறை பிழைச்சா பிரயோசனமில்ல. கனபேர் வாய்க்குள்ள அடிச்சிட்டு உடன வாயைத் திறப்பினம், மருந்து வெள்ளைப் புகையா வெளிய வந்துடும், நாக்கில ஒரு கசப்பு மட்டும் மிஞ்சும். நல்லாக் குலுக்கி, மூச்சை முழுசா வெளிய விட்டு, வாயை இறுக்கி மூடி மெதுவா உள்ள இழுக்கத் தொடங்கேக்க அமத்தி, பத்து எண்ணும் வரைக்கும் மூச்சைப் பிடிச்சிருக்கோணும். பெக்லோமெத்தசோன் அடிச்சா வாயை அலம்பித் துப்புங்கோ. நேர்ஸுக்கு முன்னால ஒருக்கா அடிச்சுக் காட்டி சரியோ எண்டு கேளுங்கோ.

2022 நெருக்கடிக்குப் பிறகு மருந்து இல்லை, வெளியில வாங்குங்கோ எண்டு துண்டு குடுக்கிறதும் நடந்தது. அப்பிடிச் சொன்னா எப்ப வரும், வேற ஆஸ்பத்திரியில இருக்கோ எண்டு அங்கயே கேட்டுட்டு வாங்கோ. காசைச் சேமிக்க எண்டு பக்கத்து டிஸ்பென்சரியில முட்டு வரேக்க எல்லாம் ஸ்டீரொயிட் குளிசை வாங்கி முழுங்கிறது கூடாது, அடிக்கடி எடுத்தா சீனி ஏறும், எலும்பு பழுதாகும்.

திடீரெண்டு முட்டு கூடி, வசனம் பேச ஏலாமல், உதடு நீலமா வந்தா ஓட்டோ தேடிக்கொண்டு நிக்காதேங்கோ. 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஒக்சிசனோட வரும், வடக்கில 2018 யூலையில இருந்து ஓடுது. காட்டுக்கரைப் பக்கம் உள்ள ஆக்கள் வழி சொல்ல ஒராளை மெயின் ரோட்டில நிப்பாட்டுங்கோ.

காசு உதவி பற்றியும் கேக்கிறவை. அரசாங்கத்தின்ர அஸ்வெசும நிவாரணத் திட்டத்தில கிட்னி வருத்தக்காரருக்குத் தனிக் கொடுப்பனவு இருக்கு, நுரையீரல் வருத்தத்துக்கு அப்பிடி ஒண்டு இல்ல. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் கிட்னி வருத்தம் எவ்வளவு கொடுமையெண்டு எங்களுக்குத் தெரியும், அவைக்குக் குடுக்கிறது சரிதான், ஆனா மூச்சு விட ஏலாமல் கூலி வேலைக்குப் போக முடியாத பொம்பிளைக்கும் ஒண்டு இருக்கத்தான் வேணும் எண்டது என்ர அபிப்பிராயம். இருந்தாலும் அஸ்வெசும குடும்பத்தைத் தெரிவு செய்யப் பாக்கிற ஆறு விஷயத்தில சுகாதாரமும் ஒண்டு. கணக்கெடுக்க வரேக்க அல்லது மேன்முறையீடு போடேக்க கிளினிக் கொப்பியைக் காட்டுங்கோ, "சும்மா தொய்வு" எண்டு வாயால சொல்லி விட்டுடாதேங்கோ. ஜீஎஸ், அதாவது கிராம சேவகரிட்டயும் பிரதேச செயலகத்திலயும் விசாரிக்கலாம்.

இந்தியாவில ஏழைக் குடும்பங்களுக்கு காஸ் இணைப்புக் குடுக்கிற உஜ்வலா திட்டம் 2016இல வந்தது, அதை நியூஸில பாத்திட்டு இஞ்சயும் இருக்கோ எண்டு கேக்கினம், இஞ்ச அப்பிடி ஒரு திட்டம் இல்ல. 2021 கடைசியில சிலிண்டர் வெடிச்ச பயம் வேற இன்னும் போகேல்ல. அனகி எண்டு சொல்லுற திருத்தின களிமண் அடுப்பு நல்லது, விறகு குறைவாச் செலவாகும், ஆனா அதில புகைபோக்கி இல்ல, புகை குசினிக்குள்ளதான் நிக்கும், அதால அடுப்பை மட்டும் மாத்திப்போட்டு நிம்மதியா இருக்க ஏலாது. கூரையில புகை போக இடம் விடோணும், எதிரெதிரா ரெண்டு திறப்பு வேணும், மாரிக்கு முதல் விறகைக் கீலம் கீலமாக் கொத்தி நனையாமல் அடுக்கி வைக்கோணும், ஈர விறகுதான் முழுப் புகையும். தேத்தண்ணி, பால் காய்ச்சிறதுக்கு மட்டுமாவது கேத்திலோ சின்ன காஸோ இருந்தா அவ்வளவு நேரம் குறையும். நெல்லவிக்கேக்க காத்து வாற பக்கம் நிண்டு எரியுங்கோ.

கர்ப்பிணிப் பிள்ளையள் இருக்கிற வீட்டில அவவை அடுப்படியில விடாதேங்கோ, புகை கூடினா பிள்ளை நிறை குறைஞ்சு பிறக்கலாம். கைக்குழந்தையை மடியில வச்சுக்கொண்டு சமைக்கிறதையும் நிப்பாட்டோணும், நியூமோனியா வர அது ஒரு பெரிய காரணம். பிள்ளை வேகமா மூச்சு விட்டு, நெஞ்சு உள்ள இழுபட்டா அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பாத்திருக்காமல் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரேக்க குசினியையும் ஒருக்கா அவவுக்குக் காட்டுங்கோ, அடுப்பை எங்க மாத்தி வைக்கலாம் எண்டதையும் கேக்கலாம்.