ஜன்னலை நகர்த்தினால் எலிவேஷன் நகருமா?

பிளானில் (வீட்டை மேலிருந்து பார்க்கும் படத்தில்) ஹால் ஜன்னலை ஒன்றரை அடி வலப்பக்கம் தள்ளியிருப்பார்கள். எலிவேஷன் தாளில், அதாவது வீட்டின் ஒரு பக்கத்தை நேராகப் பார்க்கும் படத்தில், அது பழைய இடத்திலேயே இருக்கும். மேஸ்திரி கையில் எந்தத் தாள் இருக்கிறதோ, அதன்படி சுவர் எழும். சில் மட்டத்தை, அதாவது ஜன்னலின் அடி விளிம்பை, தாண்டிய பிறகு யாராவது கவனித்தால் இடித்துக் கட்ட வேண்டியதுதான். வரைந்தவரின் கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் பாதிக் காரணம் மென்பொருளில் இருக்கிறது: அது வீட்டை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதில்.

1982-இல் வந்த ஆட்டோகேட், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேட் போன்றவற்றில் சுவர் என்பது ஒன்பது அங்குல இடைவெளியில் போட்ட இரண்டு கோடுகள். அதைச் சுவர் என்று படிப்பது நாம்தான். கணினிக்கு அது வெறும் கோடு. எலிவேஷன் வேண்டுமென்றால் அதைத் தனியாக வரைய வேண்டும். இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. ரெவிட், ஆர்க்கிகேட், இலவசமான ஃப்ரீகேட் ஆகியவை வேறு வகை. இவற்றில் சுவருக்கு நீளம், தடிமன், அடிமட்டம், உயரம் எல்லாம் உண்டு. ஜன்னல் எந்தச் சுவரில், ஓரத்திலிருந்து எத்தனை அடியில், எந்தச் சில் உயரத்தில் இருக்கிறது என்பது ஒரே இடத்தில் பதிவாகியிருக்கும். வீட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் அகலம், ஆழம், உயரம் என மூன்று எண்கள். உயரத்தை விட்டுவிட்டால் பிளான். ஆழத்தை விட்டுவிட்டால் முன்பக்க எலிவேஷன். அகலம் இரண்டிலும் ஒரே எண் என்பதால், பிளானில் தள்ளிய ஜன்னல் எலிவேஷனிலும் தானாகத் தள்ளிக்கொள்ளும்.

ஆகவே எந்த மென்பொருளையும் வாங்குவதற்கு முன் பத்து நிமிடச் சோதனை போதும். ஒரு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலை ஒரு அடி நகர்த்திவிட்டு எலிவேஷனைத் திறந்து பாருங்கள். நகரவில்லை என்றால் அது வரைபலகை மட்டுமே. வரைபலகையும் தேவைதான், ஆனால் ஒவ்வொரு திருத்தத்தையும் எல்லாத் தாளிலும் நீங்களே செய்ய வேண்டும்.

‘3டி எலிவேஷன்’ என்று வண்ணமாகத் தருகிறார்களே, அது இந்தக் கணக்கில் சேராது. அது கேமராப் பார்வை; தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும், அதனால் அதில் ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. அகலக் கோணத்தில் தாழ்வாக வைத்து எடுத்தால் இருபதடி முகப்பும் பங்களாவாகத் தெரியும். வீட்டாரைச் சம்மதிக்க வைக்க அது உதவும், கட்டுவதற்கு உதவாது. ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் பேரலல் புரொஜெக்ஷனுக்கு (தொலைவால் அளவு சிறுக்காத பார்வைக்கு) மாற்றி முன்பக்கப் பார்வையைத் தேர்ந்தெடுத்தால்தான் அளவெடுக்கக்கூடிய எலிவேஷன் வரும். அதிலும் ஒரு சிக்கல்: ஒவ்வொரு சுவரையும் தனிப் பொருளாகக் குரூப் செய்யாமல் வரைந்தால் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு சுவரை இழுத்தால் பக்கத்துச் சுவரும் கூடவே வரும்.

அதிகம் பேர் ஏமாறுவது அறை அளவில். ஸ்வீட் ஹோம் 3டி இலவசம், ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அது சுவரின் நடுக்கோட்டை வைத்து வரைகிறது. 10 அடிக்குக் கோடு இழுத்து, ஒன்பது அங்குலச் சுவர் கொடுத்தால், இரு பக்கமும் நாலரை அங்குலம் உள்ளே வந்து செங்கல் முகத்துக்கு முகம் 9 அடி 3 அங்குலம்தான் மிஞ்சும். இரு பக்கப் பூச்சுக்கும் அரை அங்குலம் வீதம் கழித்தால் 9 அடி 2 அங்குலம். இரண்டடி ஆழ வார்ட்ரோப்பை வைத்துவிட்டு, ஆறரை அடிக் கட்டிலை அதற்கு நேராக நீட்டிப் போடுங்கள்: நடக்க எட்டு அங்குலம். 10 அடி என்று நம்பியிருந்தவருக்குப் பதினெட்டு அங்குலம் இருந்திருக்க வேண்டும். இதில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை. அது நடுக்கோட்டைச் சொன்னது, நாம் உள்அளவாக எடுத்துக்கொண்டோம். இன்னொன்று, மாற்றாமல் விட்டால் அதில் சுவர் 7.5 செ.மீ. தடிமன், 250 செ.மீ. உயரம் என்றே தொடங்கும். 250 செ.மீ. என்பது 8 அடி 2 அங்குலம். நம் ஊரில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

உயரங்களை முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது. தரை 0, பேஸ்மென்ட் மேல் மட்டம் +2 அடி, முதல் மாடித் தளம் +12 அடி 6 அங்குலம், மொட்டை மாடி +23 அடி, கைப்பிடிச் சுவர் உச்சி +26 அடி. சில் உயரம் 3 அடி என்பது அறைத் தளத்திலிருந்து. தரையிலிருந்து என்று கொடுத்தால் ஜன்னல் எலிவேஷனில் இரண்டடி கீழே போய் உட்காரும். மாடிப்படியும் இந்த எண்களில்தான் தொங்குகிறது. தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம் என்றால் 126 அங்குலம். 7 அங்குல உயரத்தில் 18 படி. ஒன்பது ஒன்பதாகத் திருப்பினால், ஒன்பதாவது படி லேண்டிங்கிலோ (படி திரும்பும் மேடை) மாடித் தளத்திலோ ஏறிவிடுவதால், ஒரு பக்கத்துக்கு 10 அங்குல மிதிப்பலகை எட்டு, அதாவது 80 அங்குலம். மூன்றடி லேண்டிங் சேர்த்தால் 9 அடி 8 அங்குலம். மாடியை அரை அடி உயர்த்தினால் இந்தக் கணக்கு முழுக்க மாறும். நல்ல மென்பொருள் தானே திருத்தும் அல்லது எச்சரிக்கும். கோடு மட்டும் வரைவது பேசாமல் இருக்கும்.

பாத்ரூம் வென்டிலேட்டர் பிளானில் காணாமல் போவதும் அடிக்கடி நடக்கும். பிளான் என்பது சுமார் நாலடி உயரத்தில் வீட்டைக் குறுக்கே அறுத்துக் கீழ்நோக்கிப் பார்க்கும் படம். வென்டிலேட்டரின் சில் ஐந்தரை அடியில் இருக்கும். அறுத்த மட்டத்துக்கு மேலே இருப்பதால் படத்தில் வராது. அந்த இடத்தில் மட்டும் வெட்டு உயரத்தை ஏற்றலாம், அல்லது புள்ளிக்கோடாகக் கையால் போடலாம்.

எதை எடுப்பது? சோபா, கட்டில் அடங்குமா என்று பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி போதும். பொறுமை இருந்தால், காசு செலவில்லாமல் பிளான், செக்‌ஷன் (வீட்டைச் செங்குத்தாக அறுத்துப் பார்க்கும் படம்), எலிவேஷன் மூன்றும் ஒன்றாக நிற்க ஃப்ரீகேட். ரெவிட் தொழிலாகச் செய்பவர்களுக்கு. ஒரு வீட்டுக்காக அந்தச் சந்தா தேவையில்லை. மேலும் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. எது எடுத்தாலும், இலவசப் பதிப்பில் டிஎக்ஸ்எஃப் (மற்ற வரைபட மென்பொருள்களும் திறக்கும் கோப்பு) ஆகவும் அளவு மாறாத பிடிஎஃப் ஆகவும் வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பல செயலிகள் வரைய விடும், எடுக்க விடாது. அனுமதிக்கான வரைபடத்தைப் பதிவு பெற்ற பொறியாளர் எப்படியும் தன் முறையில் தயாரிப்பார். அவருக்கு உங்கள் டிஎக்ஸ்எஃப் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

அந்தக் கோப்பைத் திறக்கும்போது அலகைக் கவனிக்க வேண்டும். 40 அடி மனை 480 அங்குலம். அதை மில்லிமீட்டர் என்று படித்துவிட்டால் மனை ஒன்றரை அடியாகச் சுருங்கிவிடும். 25.4 ஆல் பெருக்கினால் சரியாகும். பிரிண்ட் எடுக்கும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை அணைத்துவிடுங்கள். ஏ3-க்கான படத்தை ஏ4-இல் அடைத்தால் 1:100 என்று அச்சாகியிருக்கும் தாள் உண்மையில் 1:141 ஆக இருக்கும். 1:50 பிரிண்டில் 10 அடிக் கோட்டை ஸ்கேலால் அளந்தால் 61 மி.மீ. வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தத் தாளைச் சைட்டுக்கு அனுப்ப வேண்டாம்.